உள்ளே பெருக்குகிறவர்கள்

பந்தலடியிலிருந்து தேரடி வரை
எனக்கு ஒதுக்கிய தெரு.
விடியக்காலை நாலரைக்குக் கைரேகை வைத்துவிட்டுத்
துடைப்பத்தைத் தட்டினால்
முதலில் வருவது பீடித் துண்டு.
டீக்கடை வாசலில் நாற்பது தேறும்,
ஏடிஎம் படியில் பத்துப் பன்னிரண்டு.
மழை பெய்த மறுநாள்
ஊறித் தரையோடு ஒட்டிக்கிடக்கும்,
நகத்தால்தான் சுரண்ட வேண்டும்.
யார் யார் இழுத்ததோ.
வீட்டில் கிடப்பது யாருடையதென்று தெரியும்.

ஐப்பசி அடைமழையில் அந்தச் சளி
பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது,
தமிழ்நிலாவோடு.
இரண்டு நாள் மூக்கு ஒழுகினாள்,
மூன்றாம் நாள் பரோட்டா கேட்டாள்.
அடுத்து எனக்கு.
தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனேன்,
எப்போது விட்டதென்று கவனிக்கவில்லை.
கடைசியாக அவருக்கு.

மூவாநல்லூர் கொள்முதல் நிலையத்தில்
நாற்பது கிலோ மூட்டையை
ஒரே எத்தில் லாரிக்கு ஏற்றுகிற தோள்.
நெல்லில் ஈரம் பதினேழைத் தாண்டினால்
மெஷினுக்கு முந்திக் கடித்துச் சொல்லுகிற பல்.
தன் நெஞ்சில் ஈரம் ஏறியது மட்டும்
தட்டுப்படவில்லை மனுஷனுக்கு.
ஐந்தாம் நாள் போர்வைக்குள் பல் கிட்டித்தது.
உதடு நாவல்பழம் தின்றது போலிருந்தது.
ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதினார்கள்:
வைரக்கண்ணு, 47, நிமோனியா.

"ஒரே வீடு, ஒரே சளி,
எனக்கு மட்டும் ஏன்?"
ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டார்.

பாட்டில் மாற்ற வந்த ரெஜினா நர்ஸ்
முந்தின ராத்திரியும் தூங்கவில்லை போல.
என்னிடம்தான் சொன்னாள்.
மூச்சுக்குழாய் நெடுக முடி இருக்காம்,
கண்ணுக்குத் தெரியாத பொடி முடி.
காற்றுக்குச் சம்பாப் பயிர் அசைகிற மாதிரி
எல்லாம் சேர்ந்து மேல்பக்கமாகவே அசையுமாம்.
தூசி, கிருமி, கோழை
எதுவானாலும் தொண்டைக்குத் தள்ளுமாம்,
நாம் தூங்கினாலும்.
"பொகை பட்டா அது படுத்துடும்க்கா.
வருஷக்கணக்கா பட்டா உதுந்தே போவும்.
காவலுக்கு நிக்கிற அணுவும்
கரியத் தின்னு மந்தமாயிடும்.
உள்ள வந்தத யாரு வெளிய தள்றது?"

எனக்குச் சட்டென்று புரிந்தது.
போன சித்திரையில்
ஒப்பந்தக்காரர் மூன்று மாசம் சம்பளம் தராமல்
நாங்கள் துடைப்பத்தைக் கீழே போட்டோம்.
ஆறே நாள்.
பஸ் ஸ்டாண்டில் ஈக்களின் சத்தம்
ஹாரனை மீறிக் கேட்டது.
அதற்கப்புறம்தான்
இந்தத் தெருவில் நான் இருப்பதே
ரொம்பப் பேருக்குத் தெரிந்தது.

பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்.
பீடிக்கட்டை நான் தொடவில்லை.
அவரே அடுப்பில் போட்டார்,
போட்டுவிட்டு
அந்தப் புகை அடங்கும்வரை அங்கேயே நின்றார்.

அப்புறம்தான் கூத்து.
விட்ட மூன்றாம் வாரம்
இருமல் இரண்டு மடங்கானது.
பழுப்பும் கறுப்புமாக,
தூர்வாரிக் கரையில் போட்ட
வாய்க்கால் சேறு மாதிரி.
"இழுத்தவரைக்கும் நல்லாத்தானே இருந்தேன்!
விட்டதுக்குத் தண்டனையா?"
கூட மூட்டை தூக்குகிற சிங்காரவேல்
வாசலிலேயே வைத்தியம் சொன்னார்:
"ஒண்ணு பத்தவை, அடங்கிடும்."

அடங்கும்தான்.
பெருக்குகிறவளைப் பிடித்து உட்காரவைத்தால்
துடைப்பச் சத்தம் அடங்கும்.

மாத்திரை வாங்கப் போனபோது ரெஜினாவிடம் கேட்டேன்.
"நெஞ்சுல சத்தம் இல்ல, காய்ச்சல் இல்ல,
டாக்டர் பாத்துட்டாருல்ல?
உள்ள இருக்கவங்க வேலைக்குத் திரும்பிட்டாங்கக்கா."
திரும்பாதவர்களும் இருப்பார்களா என்று கேட்டேன்.
"கொஞ்சம் பேரு" என்றாள்.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பித்தார்.
தமிழ்நிலா காதில் தலையணையை அழுத்திக்கொண்டாள்.
நான் எண்ணினேன்,
பதினேழுக்கு மேல் தூங்கிவிட்டேன்.

நாலு மணிக்குக் கிளம்பும்போது
ஆணியில் தொங்கிய சட்டைப்பையைத் தடவினேன்.
லாரி டோக்கன், சில்லறை,
ஒரு தீப்பெட்டி.
பீடி இல்லை.
எடுக்கவா, விடவா?
குலுக்கிப் பார்த்தேன், மூன்று நாலு குச்சி.
இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு
துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.
சந்து முனை திரும்பும்வரை
அவர் இருமுவது கேட்டது.